ஏற 28, இறங்க 40

டர்போ காரின் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் மாற்றிக் குதிரைத்திறனைக் கூட்டித் தரச்சொல்லி, சித்தூர்ப் பட்டறை ஒன்றில் திருப்பதி இளைஞர் ஒருவர் மன்றாடிக்கொண்டிருந்தார். டர்போ தள்ளும் காற்றழுத்தம் (பூஸ்ட்) ஏற ஏறச் சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் எகிறும், வார்ப்பு பிஸ்டன் தாங்காது, ஃபோர்ஜ்டு பிஸ்டன்தான் வேண்டும் என்றார், அதுவரை சரி. அடுத்து கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக் என்று செலவு வரிசைகட்டும் (வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வேறு காத்திருக்கிறது). எனக்குப் புரியாதது, அத்தனை திறனையும் திருப்பதியில் எங்கே காட்டுவார் என்பதுதான். திருமலை மலைப்பாதையில் ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடம். அதற்குக் குறையக்கூடாது என்பது தேவஸ்தானம் போட்ட கணக்கு. முந்தி வந்தவருக்குப் பரிசல்ல, அபராதம். வேகம்தான் வேண்டுமென்றால், சென்னை போகும் வழியில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடம் இருக்கிறது, தம்பி. அங்கே போய் ஓட்டுங்கள்.