ரூஸ்வெல்ட் அன்று பேசியது வங்கிக் கணக்கு

நெருக்கடிக் காலத்தில் தலைவர் நரம்பு முறுக்கேறும்படி பேச வேண்டும், விவரங்களில் இறங்கிப் பாமரனைக் குழப்பக் கூடாது, கெட்ட செய்தியை அடக்கி வாசிக்க வேண்டும் என்று பேச்சுக்கலை கற்பிப்பவர்கள் சொல்கிறார்கள். மூன்றையும் நான் ஏற்கவில்லை.

வீர உரைக்குச் சாட்சியாக ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைத்தான் அழைப்பார்கள். 1933 மார்ச் 4 அன்று அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது, அச்சத்துக்கு மட்டுமே நாம் அஞ்ச வேண்டும் என்ற பொருளில் அவர் பேசியது உலகப் புகழ்பெற்றது. அப்போது வங்கிகள் மூழ்கிவிடும் என்று பயந்து மக்கள் போட்ட பணத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த உரையைக் கேட்டு யாரும் வங்கியில் பணம் கட்ட ஓடவில்லை. இரண்டே நாளில் அவரே அமெரிக்கா முழுவதும் வங்கிகளை மூடச் சொல்ல வேண்டியிருந்தது.

மக்கள் மனம் மாறியது மார்ச் 12, ஞாயிறு இரவு அவர் வானொலியில் பேசிய பிறகு. கால் மணி நேரம்கூட இல்லாத அந்தப் பேச்சு முழுக்க விவரம்தான். நீங்கள் போடும் பணத்தை வங்கி பெட்டகத்தில் பூட்டி வைப்பதில்லை, கடனாகவும் பத்திரமாகவும் வெளியே விடுகிறது, எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து கேட்டால் நல்ல வங்கியும் தடுமாறும் என்று விளக்கினார். நாளை ஃபெடரல் ரிசர்வ் வங்கிகள் உள்ள 12 நகரங்களில், செவ்வாயன்று கிளியரிங் ஹவுஸ் (வங்கிகள் தங்களுக்குள் காசோலைகளைத் தீர்த்துக்கொள்ளும் அமைப்பு) உள்ள நகரங்களில், புதன் முதல் மற்ற ஊர்களில் எனத் திறக்கும் நாளையும் சொன்னார். உங்கள் வங்கி முதல் நாள் திறக்காவிட்டால் இனித் திறக்கவே திறக்காது என்று முடிவுகட்டிவிடாதீர்கள் என்றார். வாசலில் நிற்கப்போகிறவரின் மனத்தில் என்ன ஓடும் என்று யோசித்துப் பேசிய பேச்சு அது. பாமரனுக்கு விவரம் புரியாது என்பவர்கள் இதை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும்.

கெட்ட செய்தியையும் அவர் மறைக்கவில்லை. எல்லா வங்கியும் திறக்கும், யாருக்கும் இழப்பு வராது என்று உறுதி கொடுக்க மறுத்தார். பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலும் அப்படித்தான். 1940 ஜூன் 4 அன்று, பிரான்ஸின் டன்கர்க்கிலிருந்து 3 லட்சத்துக்கும் அதிகமான வீரர்கள் மீண்டு வந்த மகிழ்ச்சியில் பிரிட்டன் இருந்தபோது, பின்வாங்கி யாரும் போரில் வென்றதில்லை, நடந்திருப்பது மாபெரும் ராணுவப் பேரழிவு என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்.

பேச்சு உள்ளத்திலிருந்து வந்தால் போதும் என்பாரும் உண்டு. 1962 நவம்பரில், இந்திய-சீனப் போரில் அசாமுக்கு வடக்கே உள்ள பொம்டிலா வீழ்ந்ததை வானொலியில் அறிவித்த பிரதமர் நேரு, அசாம் மக்களை எண்ணி மனம் கலங்குவதாகச் சொன்னார். அந்தக் கலக்கம் உண்மையானது. போர் தொடரும் என்றும் சொன்னார். ஆனால் சீனப் படை நெருங்கிக்கொண்டிருந்த அசாமில் அது தங்களைக் கைவிட்டு வழியனுப்பும் பேச்சாகவே கேட்டது. அந்த மனக்கசப்பு அங்கே இன்றும் தீரவில்லை.

பேச்சுக்குப் பின்னால் செயலும் இருக்க வேண்டும். ரூஸ்வெல்ட்டின் வானொலிப் பேச்சுக்குப் பின்னால், மார்ச் 9 அன்று ஒரே நாளில் நிறைவேறிய வங்கிச் சட்டம் இருந்தது. தேவைப்பட்டால் வங்கிகளுக்குக் கொடுக்கப் புதிய நோட்டுகளும் தயாராயின. திங்களன்று மக்கள் வரிசையில் நின்று, பதுக்கிய பணத்தைத் திரும்பக் கட்டினார்கள். சட்டமும் நோட்டும் இல்லாமல் அதே பேச்சைப் பேசியிருந்தால், அந்த வரிசை பணம் எடுக்கத்தான் நின்றிருக்கும்.