ஈவ் ஆன்லைன்: புதுசா விண்வெளிக்குப் போறவங்க முதல்ல சாகக் கத்துக்கணும்!

டிஸ்கி: ஈவ் ஆன்லைன் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களும் படிக்கலாம். ஆணி அதிகம் இருக்கிறவங்க அப்புறமா வாங்க, பதிவு கொஞ்சம் நீளம்.

2003 மே மாசம் ஐஸ்லாந்துல இருக்கிற சிசிபி கம்பெனி ஆரம்பிச்ச விளையாட்டு இது. ஏழாயிரத்துச் சொச்சம் நட்சத்திர மண்டலங்கள். சீனாவுக்குத் தனி சர்வர் உண்டு, மத்தபடி உலகம் முழுக்க எல்லாரும் ஒரே சர்வர்ல. அதனால நீங்க நேத்து சேர்ந்தவரா இருந்தாலும், பதினஞ்சு வருஷமா கொட்டை போட்ட பெருசுகள் திரியிற அதே வானத்துலதான் திரியணும். "பயமா இருக்கே, எங்க தொடங்குறது?"ன்னு புதுசா வர்றவங்க கேட்கிறது நியாயம்தான். அதுக்குக் கிடைக்கிற பதில்தான் எனக்குப் பிடிக்கலை.

வழக்கமான பதில் என்ன? "பாதுகாப்பான இடத்துல இருந்துக்கிட்டு அமைதியா சுரங்கம் தோண்டு. காசு சேர்த்து நல்ல பெரிய கப்பலா வாங்கு. அப்புறம் சண்டைக்குப் போ." கேட்க நல்லாத்தான் இருக்கு, நம்ம வீட்டுப் பெரியவங்க ஃபிக்சட் டெபாசிட் போடச் சொல்ற மாதிரி. ஆனா ஈவை பாதியில விட்டுட்டு ஓடினவங்கள்ல பாதிப் பேரை இந்த அறிவுரைதான் ஓட வச்சிருக்கும்னு நான் நினைக்கிறேன். ரெண்டு மாசம் பாறையைப் பார்த்து லேசர் அடிச்சு, கொட்டாவி விட்டு, காசு சேர்த்து ஒரு பேட்டில்ஷிப் வாங்குவாங்க. வாங்கின வாரமே எவனோ அஞ்சு பேர் சேர்ந்து அதை உடைச்சிடுவான். இந்த விளையாட்டுல உடைஞ்ச கப்பல் உடைஞ்சதுதான், திரும்ப வராது. இன்ஷ்யூரன்ஸ்ல கொஞ்சம் காசு வரும், கப்பல்ல பூட்டின சாமான் போனது போனதுதான். ரெண்டு மாச உழைப்பு ரெண்டு நிமிஷத்துல போச்சுன்னா எவன் திரும்ப வருவான்?

அதனால நான் சொல்றது தலைகீழ். முதல் வாரமே சாவுங்க. வேணும்னே சாவுங்க. ரிஃப்டர், மெர்லின் மாதிரி சின்ன ப்ரிகேட் கப்பல் ஒரு பத்து வாங்கி வரிசையா அடுக்கி வச்சுக்குங்க. பத்தும் உடையும்னு தெரிஞ்சே வாங்குங்க. பத்தாவது கப்பல் உடையறப்ப, முதல் கப்பல்ல நடுங்கின கை நடுங்காது. கப்பல் போனாலும் நீங்க ஒரு சின்ன முட்டைக்குள்ள (பாட்) தப்பிக்கலாம். அந்த முட்டையும் உடைஞ்சா வேற ஸ்டேஷன்ல குளோனா எழுந்திருப்பீங்க. தலையில விலையுயர்ந்த இம்ப்ளாண்ட் மாட்டியிருந்தா அது மட்டும் போகும், அதனால கத்துக்குற காலத்துல அதை மாட்டாதீங்க. 2014 கடைசி வரைக்கும் குளோனுக்குச் சரியா காசு கட்டலைன்னா, கத்துக்கிட்ட திறமையிலேயே கொஞ்சம் போயிடும். அந்தக் கொடுமை இப்ப இல்லை. கையில ஒண்ணுமே இல்லாம நின்னாலும் இலவசமா ஒரு குட்டிக் கப்பல் கொடுத்துடுவாங்க. சாகறதுக்கு இதை விட வசதி வேணுமா :-)

"பெருசுங்க இத்தனை வருஷமா திறமை ஏத்தி வச்சிருக்காங்களே, நான் எப்படி எட்டிப் பிடிக்கிறது?" இதுதான் அடுத்த புலம்பல். இங்க கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். ஈவ்ல திறமை, கடிகாரம் ஓடுற நேரத்துல ஏறும். நீங்க தூங்கினாலும், ஆபீஸ்ல ஆணி பிடுங்கினாலும் ஏறிக்கிட்டே இருக்கும். (2009 மார்ச் வரைக்கும் அடுத்த திறமையை வரிசையில போட்டு வைக்க முடியாது. நடுராத்திரி அலாரம் வச்சு எழுந்து மாத்தின பைத்தியங்கள் உண்டு.) ஆனா எந்தத் திறமைக்கும் மொத்தம் 5 படிதான். சாதாரணமான ஒரு திறமைக்கு நாலாவது படி வரைக்கும் போக 45,255 புள்ளி. அஞ்சாவது முடிக்க 2,56,000 புள்ளி. ஒவ்வொரு படிக்கும் கிடைக்கிற பலன் பெரும்பாலும் ஒரே அளவு. அதாவது மொத்த நேரத்துல ஆறுல ஒரு பங்கைச் சுத்தி செலவழிச்சாலே பலன்ல அஞ்சுல நாலு பங்கு கையில வந்துடுது! இருபது வருஷக் கிழவன் நூறு வகைக் கப்பல் ஓட்டுவான், சரி. ஆனா ஒரு நேரத்துல ஒரு கப்பல்லதான் உட்கார முடியும். அவன் ப்ரிகேட்ல வந்தா, சில மாசம் ஆன நீங்க அவனுக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். மிச்ச வித்தியாசம் அனுபவம். அது செத்துச் செத்துத்தான் வரும்.

இன்னொண்ணு, கூட்டமா போற சண்டையில புதுசா வந்தவனுக்கு நிஜமான வேலை இருக்கு. எதிரி ஓடிப்போகாம பிடிச்சு நிறுத்துற வேலை. ஒரு வார்ப் டிஸ்ரப்டர் மாட்டின ப்ரிகேட் இருபது கிலோமீட்டருக்குள்ள போய் நின்னா, அதைவிட நூறு மடங்கு விலையுள்ள பேட்டில்ஷிப் நகர முடியாது. மத்தவங்க வந்து சுடுறதுக்குள்ள நீங்க செத்துடலாம், பரவாயில்லை. உங்க கப்பல் காசை கார்ப்பரேஷன்லயே திருப்பித் தர்ற வழக்கம் பல இடத்துல உண்டு.

இப்போ "பாதுகாப்பான இடம்" மேட்டருக்கு வருவோம். அப்படி ஒரு இடமே இல்லை மக்களே. ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண். 0.5 லிருந்து 1.0 வரைக்கும் ஹைசெக். அங்க ஒருத்தன் காரணமில்லாம உங்களைச் சுட்டா கான்கார்ட் போலீஸ் வந்து அவனை அழிக்கும். நல்லாக் கவனிங்க, அழிக்கும்னுதான் சொன்னேன், உங்களைக் காப்பாத்தும்னு சொல்லலை. போலீஸ் வர்றதுக்குச் சில செகண்ட் ஆகும், எண் குறையக் குறைய இன்னும் தாமதம். அந்த இடைவெளிதான் வழிப்பறிக்காரனோட முதலீடு. மலிவான கேட்டலிஸ்ட் கப்பல்ல பத்துப் பேர் வருவான், உங்களை உடைப்பான், பத்துப் பேரும் சாவான், பதினோராவது ஆள் வந்து சரக்கை அள்ளிட்டுப் போவான். உடையிற கப்பல்ல இருக்கிற சரக்குல சராசரியா பாதி தப்பிக்கும். அந்தப் பாதியோட விலை பத்து கேட்டலிஸ்ட் விலையை விட அதிகம்னா நீங்க லாபகரமான ஆள், அவ்வளவுதான் விஷயம். பகை ஒண்ணும் இல்லை, கூட்டல் கழித்தல். அதனால சரக்கைப் பிரிச்சுப் பிரிச்சுக் கொண்டு போங்க. ஆட்டோபைலட் போட்டுட்டு டீ குடிக்கப் போகாதீங்க. அது கேட்டுக்கு வெகு தூரம் முன்னாடியே இறக்கி ஊர்ந்து போகும். உவேடாமா மாதிரி பேர்போன மண்டலத்துல இது தற்கொலை. பழைய வழிகாட்டிகள்ல நியார்ஜா வழியாப் போகச் சொல்லியிருப்பாங்க, நம்பாதீங்க. 2020ல ட்ரிக்லேவியன் படையெடுப்புல விழுந்த பிறகு அது ஹைசெக்கே கிடையாது.

திரையில ஒரு பாதுகாப்பு பட்டன் இருக்கும், ஹைசெக்ல அதைப் பச்சையிலேயே வச்சிருங்க. "இந்தப் பெட்டியில இருக்கிறதை எடுத்துக்கோ தம்பி"ன்னு எவனாவது சொன்னா எடுக்காதீங்க. அடுத்தவன் பெட்டியில கை வச்சா எல்லாரும் உங்களைச் சுடலாம், போலீஸ் வேடிக்கை பார்க்கும்.

அடுத்தது ஜிட்டா. விண்வெளியோட பெரிய சந்தை இது. கோயம்பேடு, ரங்கநாதன் தெரு ரெண்டையும் ஒண்ணாக் கலந்து, அதுல பாதிப் பேரை முடிச்சவிழ்க்கியா ஆக்கினா எப்படி இருக்கும், அதுதான் ஜிட்டா. "நீ அனுப்புற காசை ரெட்டிப்பாத் தர்றேன்"னு கூவிக்கிட்டே இருப்பானுங்க. சின்னத் தொகை அனுப்பினா சில சமயம் நிஜமாவே ரெட்டிப்பா வரும். அது தூண்டில். பெரிய தொகை அனுப்பினதும் ஆள் காணாமப் போவான். ஒப்பந்தத்துல விளம்பரம் ஒண்ணு இருக்கும், உள்ள பொருள் வேற இருக்கும். விலையில ஒரு சைபர் கூட இருக்கும். "நீங்க வாங்குறீங்க"ன்னு நினைச்ச ஒப்பந்தம் "நீங்க கொடுக்கிறீங்க"ன்னு இருக்கும். பெரிய கூட்டணியில சேர்த்துவிடுறேன்னு நுழைவுக் கட்டணம் கேட்பான் ஒருத்தன். புதுசா வர்றவங்களுக்கான தொடக்க மண்டலங்கள்ல இதெல்லாம் தடை. மத்த இடத்துல இதெல்லாம் விதிப்படி சரி! சிசிபிகிட்ட அழுதாலும் காசு திரும்பாது.

இது நியாயமான்னு நம்ம ஆளுங்க அடிக்கடி சண்டை போடுவாங்க. என் கருத்து, நியாயம்தான். ஏமாத்தவே முடியாத இடத்துல ஒருத்தனை நம்புறதுக்கு என்ன மதிப்பு? 2005ல கைடிங் ஹேண்ட் சோஷியல் க்ளப்னு ஒரு கூலிப்படை, இன்னொரு கார்ப்பரேஷனுக்குள்ள மாசக்கணக்கா விசுவாசமா வேலை பார்த்து மேல ஏறி, ஒரே நாள்ல கிடங்குகளைக் காலி பண்ணிட்டுத் தலைவியையும் கொன்னாங்க. 2009 பிப்ரவரியில பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்ங்கிற பெரிய கூட்டணியை ஒரே ஒரு நிர்வாகி எதிரி பக்கம் தாவி, உள்ள இருந்தே கலைச்சுட்டார். ஒரு குண்டு கூடச் சுடலை! இதையெல்லாம் சாத்தியமாக்கின அதே விதிதான், பக்கத்துல பறக்கிறவன் உங்களைக் காட்டிக்கொடுக்காம இருக்கிறப்ப அதை ஒரு பெரிய விஷயமா ஆக்குது.

அதே சமயம் இதுல எனக்குப் பிடிக்காததும் உண்டு. ஈவ்ல ப்ளெக்ஸ்னு ஒரு பொருளை நிஜக் காசு கொடுத்து வாங்கி, விளையாட்டுக் காசா மாத்திக்கலாம். புதுசா வந்தவர் பொறுமை இல்லாம கிரெடிட் கார்டைத் தேய்ச்சுப் பெரிய கப்பல் வாங்குவார். அங்கதான் விளையாட்டு விளையாட்டா இருக்கிறதை நிறுத்துது. ரிஃப்டர் போனா சிரிச்சுட்டுப் போகலாம். ஒரு மாச மளிகைச் செலவு வெடிச்சுச் சிதறினா சிரிப்பு வருமா? 2014 ஜனவரியில பி-ஆர்5ஆர்பி மண்டலத்துல நடந்த சண்டையில 75 டைட்டன் கப்பல் அழிஞ்சது, நிஜக் காசுக்கு மாத்தினா மூணு லட்சம் டாலருக்கு மேலன்னு உலகப் பத்திரிகை எல்லாம் எழுதிச்சு. (காரணம் என்ன தெரியுமா? ஒரு மண்டலத்துக்கான கட்டணத்தைக் கட்டாம விட்டது! கரண்ட் பில் கட்ட மறந்து ஊரே எரிஞ்ச கதை.) அந்தச் செய்தியைப் படிச்சுட்டு வர்றவங்க கண்ணுல டாலர்தான் தெரியுது. அந்த டைட்டன்கள் பலபேர் கூட்டு உழைப்புல, விளையாட்டுக்குள்ளயே கட்டினது. 2016 நவம்பர்ல இருந்து சந்தா கட்டாமலும், சில கட்டுப்பாடுகளோட, விளையாட முடியுது. முதல் மூணு மாசம் ஒரு பைசா போடாதீங்க. கார்டை வீட்டுல யார்கிட்டயாவது கொடுத்து வைங்க.

எல்லாத்துக்கும் மேல, தனியா விளையாடாதீங்க. 2004ல இருந்து ஈவ் யுனிவர்சிட்டின்னு ஒரு கார்ப்பரேஷன் புதுசுகளுக்குப் பாடம் எடுக்குது. இலவசமா, நிஜ வகுப்பு மாதிரியே. அது கறாரா இருக்குன்னா புதுசுகளைச் சேர்த்துக்கிற பெரிய கூட்டணிகளும் உண்டு. சேர்றதுக்கு முன்னாடி அவங்க எந்த நேரத்துல கூடுறாங்கன்னு கேளுங்க. ஐரோப்பாக்காரனுக்குச் சாயங்காலம்னா நமக்கு நடுராத்திரி. "அலாரம் வச்சு எழுந்து வா"ன்னு கட்டாயப்படுத்துற கூட்டம் உங்களுக்கு வேண்டாம், காலையில ஆபீஸ் இருக்கு. ஆஸ்திரேலிய நேரத்துல இயங்குற கூட்டம்னா நமக்கு மத்தியானத்துல இருந்தே ஆரம்பிச்சுடும், வார இறுதிக்கு அது தோதா இருக்கும்.

திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் மனுஷன்ங்கிறதை மட்டும் மறந்துடாதீங்க. வைல் ராட்ங்கிற பேர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பேச்சுவார்த்தைக்காரர் ஈவ்ல இருந்தார். நிஜத்துல அவர் ஷான் ஸ்மித், அமெரிக்க வெளியுறவுத் துறை ஊழியர். 2012 செப்டம்பர்ல லிபியாவின் பெங்காசியில நடந்த தாக்குதல்ல இறந்துட்டார். அந்த வாரம் எதிரிக் கூட்டணிக்காரங்க கூட அவங்கவங்க ஸ்டேஷனுக்கு அவர் பேரை வச்சாங்க.

பிகு: தினமும் சாயங்காலம் 4.30க்கு (நம்ம நேரம்) சர்வரைக் கொஞ்ச நேரம் நிறுத்தித் திரும்பப் போடுவாங்க. 4.25க்குச் சண்டை ஆரம்பிக்காதீங்க.