ஊருக்குப் போக மட்டும்தானா ரயில்?

முதுகில் ஆளுக்கொரு மூட்டை. கையில் ஒரே ஒரு பாஸ். காலையில் ஒரு நாடு, மாலையில் இன்னொரு நாடு. இப்படி ஐரோப்பாவை ரயிலிலேயே சுற்றி வரும் கணவன் மனைவியரைப் பற்றி நம்மவர்கள் இப்போது நிறையக் கேள்விப்படுகிறார்கள். முலுண்டிலும் செம்பூரிலும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் கல்யாணமான கையோடு போய் வருகிறார்கள். அவர்கள் காட்டும் படங்களைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கும் வசதி உள்ளவனுக்கும்தான்" என்று சொல்லி நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

ஐரோப்பா நம்மில் பலருக்கு எட்டாது என்பது மெய்தான். ஆனால் கணவனும் மனைவியும் ரயிலேறி நாலு ஊர் பார்த்து வருவதும் நமக்கு எட்டாது என்று யாராவது சொன்னால், ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கிறவன் என்ற முறையில் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதலில் அங்கே நடப்பது என்ன என்று பார்ப்போம். ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்காக யூரெயில் பாஸ் 1959-ல் தொடங்கியது. ஐரோப்பியர்களுக்கே உரிய இன்டர்ரெயில் பாஸ் 1972-ல் வந்தது. முதலில் அது 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். பிற்பாடுதான் எல்லா வயதினருக்கும் ஆயிற்று. இன்று இந்த ஒரே பாஸில் 33 நாடுகளில் ரயிலேறலாம். நம்மைப் போன்ற பெரிய நாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. வியன்னா ஆஸ்திரியாவின் தலைநகர், பிராட்டிஸ்லாவா ஸ்லோவாக்கியாவின் தலைநகர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நாம் காட்கோபரில் லோக்கல் ஏறிக் கர்ஜத் போய்ச் சேருவதற்குள் அவர்கள் நாடு விட்டு நாடு போய்விடுகிறார்கள். ராத்திரி ரயிலில் படுத்தால் அன்றைக்கு லாட்ஜ் வாடகையும் மிச்சம்.

செலவு? ஒரு மாதத்துக்குள் 7 நாள் ரயிலேறுவதற்கான பாஸே ஒருவருக்கு முந்நூறு யூரோவைத் தாண்டுகிறது. பிரான்சின் அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இடத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோ. அதோடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவ இன்ஷூரன்ஸ், பேங்க் கணக்கு, சம்பளச் சான்று. விமான டிக்கெட் இன்னும் கணக்கில் வரவில்லை. ஃபேக்டரி ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு இது ஆகிற காரியம் அல்ல.

ஆனாலும் கொச்சியில் ஒரு டீக்கடைக்காரர் இதைப் பொய்யாக்கிக் காட்டினார். காந்தி நகரில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் நடத்திய விஜயனும் அவர் மனைவி மோகனாவும் தினமும் 300 ரூபாய் எடுத்து வைப்பார்கள். போதாததற்குக் கடன் வாங்கி வெளிநாடு போவார்கள். திரும்பி வந்து டீ ஆற்றிக் கடனை அடைப்பார்கள். அடைத்ததும் அடுத்த நாட்டுக்குக் கிளம்புவார்கள். 2007-ல் இஸ்ரேலில் தொடங்கி 26 நாடுகள் பார்த்தார்கள். 2021 அக்டோபரில் ரஷ்யா போய் வந்தார்கள். அடுத்த மாதமே விஜயன் காலமானார். அவர்கள் மூட்டை தூக்கி ரயில் ரயிலாக ஏறவில்லை, டிராவல்ஸ் குழுவோடுதான் போனார்கள். கடன் வாங்கிச் சுற்றுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லப் போவதும் இல்லை. அவர்களிடம் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. ஒரு தடவைகூட அவர் மட்டும் போய் வந்ததாக இல்லை. இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள்.

இனி நம் கதைக்கு வருவோம். காட்கோபர் காமராஜ் நகர், தாராவி, செம்பூர், எங்கே வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கல்யாணமாகி வந்த பெண் முதன்முதலாக ரயிலேறி இங்கே வருகிறாள். அப்புறம் பிரசவத்துக்கு ஒரு ரயில், காதுகுத்துக்கு ஒரு ரயில், கோவில் கொடைக்கு ஒரு ரயில், தகப்பனார் செத்த தந்தி வந்த காலத்திலிருந்து இன்று போன் வருகிற காலம் வரை சாவுக்கு ஒரு ரயில். முப்பது வருஷத்தில் முப்பது தடவை போய் வந்திருப்பாள். போகிற வழியில் சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குந்தக்கல், ரேணிகுண்டா எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் அவற்றில் ஒன்றிலாவது ஸ்டேஷனை விட்டு வெளியே கால் வைத்திருப்பாளா? குழந்தையை ஒரு கையிலும் மூட்டையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே டீ வாங்கியதோடு சரி.

எங்கள் பக்கத்துக் கோலியில் ஒரு அம்மாள் சொன்னது இது: "ஏங்க, இந்தச் சோலாப்பூர்ப் போர்வைய இருபது வருஷமா போர்த்திட்டிருக்கோம். அந்தச் சோலாப்பூர் எப்படி இருக்கும்னு ஒரு நாள் இறங்கிப் பார்த்திருப்போமா?" கணவர் ஒன்றும் பேசவில்லை. ரிடையர் ஆனதும் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் நம் ஆண்கள் எல்லோரும் வைத்திருக்கும் பதில். விடிகாலை நாலரைக்கு எழுந்து டப்பா கட்டியே தேய்ந்த முழங்கால், ரிடையர் ஆகும்போது ஸ்டேஷன் மேம்பாலம் ஏறுமா என்பதை அந்தப் பதிலில் யாரும் யோசிப்பதில்லை.

சரி, என்ன செய்யலாம்? யூரெயிலைப் போலவே அல்ல என்றாலும், அதன் ஏழைத் தம்பி ஒருவன் நம் ரயில்வே விதிகளிலேயே இருக்கிறான். சுற்றுப்பயணச் சீட்டு என்று பெயர். சர்க்குலர் ஜர்னி டிக்கெட் என்றால் கவுண்டரில் புரியும். புறப்பட்ட ஸ்டேஷனிலேயே வந்து முடிய வேண்டும். நடுவே எட்டு இடங்கள் வரை இறங்கிப் பார்க்கலாம். கட்டணம் போடுகிற விதம்தான் இதில் விசேஷம். மொத்த தூரத்தையும் கூட்டி, அதைப் பாதியாக்கி, அந்தப் பாதித் தூரத்துக்கு இரண்டு ஒற்றைப் பயணக் கட்டணம் வாங்குவார்கள். தூரம் ஏற ஏறக் கிலோ மீட்டருக்கு ஆகும் காசு குறைந்துகொண்டே போகும் என்பது ரயில் கட்டணத்தின் குணம். அதனால் ஊர் ஊராகத் தனித்தனி டிக்கெட் எடுப்பதைவிட இது நன்றாகவே குறையும். ரிசர்வேஷன் கட்டணமும் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணமும் தனி.

ஒரு சுற்று சொல்கிறேன், கேளுங்கள். வி.டி.யில் ஏறிச் சோலாப்பூரில் இறங்குவது. அந்த அம்மாளின் போர்வைக் கடையும் பார்த்தாயிற்று. மறுநாள் பீஜாப்பூர் போய் 1656-ல் கட்டி முடித்த கோல் கும்பஸ் மண்டபத்தில் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கம் கேட்கும் அதிசயத்தையும் பார்க்கலாம். அடுத்து மந்திராலயம் ரோடு. அதற்கடுத்து ரேணிகுண்டா, திருப்பதி பக்கத்தில்தான். பிறகு சென்னை, மதுரை, திருநெல்வேலி. திருநெல்வேலிக்காரருக்குச் சொந்த ஊரும் இதிலேயே அடங்கிவிட்டது. பிறகு நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம். அங்கிருந்து கொங்கண் பாதையில் மட்காவ். கடைசியாக மட்காவில் மாண்டவி எக்ஸ்பிரஸைப் பிடித்தால் பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்தே வி.டி. வந்து சேரலாம். 1998 ஜனவரியில் முழுதாகத் திறந்த அந்தக் கொங்கண் பாதையில் 90-க்கு மேல் சுரங்கங்கள், ஏறத்தாழ 2,000 பாலங்கள். பீஜாப்பூர் நீங்கலாக, இறங்கிய ஊர்கள் எட்டு. தூரம் நாலாயிரம் கிலோ மீட்டரை ஒட்டி வரும். அதாவது இரண்டாயிரம் கிலோ மீட்டர் டிக்கெட் இரண்டு. போன வழியே திரும்பும் நம் வழக்கமான பயணத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஊருக்குப் போகாமல் ஊர் சுற்றப் போனான் என்ற பேச்சும் வராது. ஊரும் சுற்றில் ஒன்றுதானே! நம்மவர்கள் ஊருக்குப் போகும்போது ஆகிற செலவில் டிக்கெட் எவ்வளவு, சித்தப்பா வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் வாங்கும் துணிமணி எவ்வளவு என்று ஒருமுறை எழுதிப் பார்த்தால் பணம் எங்கே என்ற கேள்விக்கு அரை பதில் கிடைத்துவிடும். பேங்க், துறைமுகம், டெலிபோன் என்று சர்க்கார் சார்ந்த உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு விடுமுறைப் பயணச் சலுகை வேறு உண்டு. மத்திய அரசு ஊழியர் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்தியாவில் எந்த இடத்துக்கும் போகலாம். அதையும் சொந்த ஊருக்கே எழுதிக் கொடுக்கிறவர்கள் எத்தனை பேர்!

சுற்று வேண்டாம், இவ்வளவு லீவு கிடையாது என்பவருக்கும் வழி இருக்கிறது. 500 கிலோ மீட்டருக்கு மேல் போகிற சாதாரண ஒற்றைப் பயணச் சீட்டிலேயே நடுவில் இறங்கலாம். முதல் 500 கிலோ மீட்டர் கடந்த பிறகுதான் இறங்க முடியும். ஆயிரம் கிலோ மீட்டர் வரை ஒரு தடவை, அதற்கு மேல் இரண்டு தடவை. வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக இரண்டு நாள் தங்கலாம். ராஜதானி, சதாப்தி போன்ற வண்டிகளுக்கு இது பொருந்தாது. கவுண்டரில் டிக்கெட் எடுக்கும்போதே எங்கே இறங்கப் போகிறோம் என்று சொல்லி, அடுத்த வண்டிக்கும் இடம் போட்டுக்கொள்ள வேண்டும். இறங்கிய ஸ்டேஷனில் சீட்டில் குறிப்பு எழுதி வாங்க மறக்கக் கூடாது.

இவ்வளவும் விதியில் இருந்தும் ஏன் ஒருவருக்கும் தெரியவில்லை? இங்கேதான் நான் பணியாற்றும் துறையைக் குறை சொல்ல வேண்டியிருக்கிறது. சுற்றுப்பயணச் சீட்டு வேண்டுமென்றால் போகும் ஊர்களை எழுதி எடுத்துக்கொண்டு பெரிய ஸ்டேஷனிலோ கோட்ட வணிக அலுவலகத்திலோ கொடுத்து, அவர்கள் கட்டணம் கணக்குப் போட்ட பிறகு கவுண்டருக்கு வர வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவர் இதற்காக இரண்டு நாள் சம்பளத்தை விடுவாரா? எல்லா டிக்கெட்டையும் போனில் எடுக்கிற காலத்தில் இந்த ஒன்றுக்கு மட்டும் மனு எழுதச் சொல்வது என்ன நியாயம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ரயில்வேயிலும் யூரெயிலைப் போன்ற பாஸ் ஒன்று இருந்தது. இன்ட்ரெயில் பாஸ் என்பார்கள். 90 நாள் வரை நாடு முழுக்கச் சுற்றலாம். ஆனால் வெளிநாட்டினருக்கும் வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கும் மட்டும். 2017-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். உள்ளூரில் வரி கட்டி வாழ்கிறவனுக்கு அந்தப் பாஸ் கிடைத்ததில்லை. 2022 ஜூனில் கோவையிலிருந்து சீரடிக்குப் புறப்பட்ட வண்டியோடு பாரத் கௌரவ் சுற்றுலா ரயில்கள் வந்தன. நல்லதுதான். ஆனால் அது முழுக்க முழுக்க அவர்கள் வகுத்த சுற்று. எங்கே இறங்குவது, எத்தனை மணிக்கு ஏறுவது என்று கணவனும் மனைவியும் தாங்களே பேசி முடிவு செய்கிற சுகம் அதில் கிடையாது.

மேலதிகாரிகள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். ஐரோப்பாவில் பாஸ் கொடுத்ததே காலி இருக்கைகளை நிரப்பத்தான். நம் வண்டிகளில் காலி இருக்கை எங்கே? மே மாதத்திலும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வெயிட்டிங் லிஸ்ட் நூற்றைத் தாண்டி நிற்கிறது. உண்மைதான். ஆனால் வருஷம் முழுக்கவா? பள்ளிக்கூடம் திறந்த பிறகு, ஜூன் கடைசியிலிருந்து கூட்டம் தணியும் நாட்களும் இருக்கின்றன. அந்த நாட்களுக்கு மட்டுமாவது உள்நாட்டவருக்கு ஒரு பாஸ் விட்டுப் பார்க்கலாமே. 2020 மார்ச்சில் நிறுத்திய மூத்த குடிமக்கள் சலுகையையும் திருப்பித் தரலாம். ஆணுக்கு நூற்றுக்கு 40, பெண்ணுக்கு 50 என்று இருந்த அந்தச் சலுகை சுற்றுப்பயணச் சீட்டுக்கும் கிடைத்து வந்தது. ரிடையர் ஆன பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

துறை செய்கிறபோது செய்யட்டும். கிளம்ப நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. எட்டு ஊர் என்றால் ஒரு தாளில் தேதிவாரியாக எழுதிக்கொண்டு போக வேண்டும். கொங்கண் பாதையில் மழைக்காலத்துக்குத் தனி நேர அட்டவணை. வண்டிகள் மெதுவாகத்தான் ஓடும், நேரத்தைச் சரிபார்க்க வேண்டும். கிளோக் ரூமில் பூட்டாத பெட்டியை வாங்க மாட்டார்கள், ஆகவே கயிறு கட்டிய மூட்டை உதவாது. தங்குவதற்கு உறுதியான டிக்கெட் இருந்தால் ஸ்டேஷன் ரிடையரிங் ரூமைக் கேட்டுப் பார்க்கலாம். 45 வயது நிறைந்த பெண்களுக்கு லோயர் பெர்த் கோட்டா உண்டு. வீட்டுக்காரம்மாவின் வயதைப் பாரத்தில் சரியாக எழுதுங்கள். இரண்டு வயது குறைத்து எழுதி அவரை மேல் பெர்த்தில் ஏற்றிவிடாதீர்கள்.