குற்றத்தின் வாசல் வழியே நுழையும் மொழிகள்

ஐரோப்பியக் குற்றப்படங்களின் பன்மைத்துவம் குறித்த விவாதங்களில் ஒரு குறை தொடர்ந்து தென்படுகிறது. எத்தனை அரபு முகங்கள், எத்தனை கறுப்பின முகங்கள், எத்தனை பெண்கள் என்று தலைகளை எண்ணுகிறோம். யார் எந்த மொழியில் பேசுகிறார், அதை யார் புரிந்துகொள்கிறார் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. ழாக் ஓதியார் இயக்கிய ‘அன் புரோஃபெத்’ (2009) படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தபோது இக்குறை எனக்கு இன்னும் துலக்கமாயிற்று.

19 வயது மாலிக் ஆறாண்டுத் தண்டனை பெற்றுப் பிரெஞ்சுச் சிறையொன்றுக்கு வருகிறான். அரபு வழியினன், எழுதப் படிக்கத் தெரியாதவன். சேசார் லூசியானி என்னும் கிழவரின் தலைமையில் கார்சிகர்களே அச்சிறையை ஆள்கிறார்கள். ஓர் அரபுக் கைதியைக் கொல்லும்படி அவனை மிரட்டிப் பணியவைத்து, பின்னர் ஏவலாளாக வைத்துக்கொள்கிறார்கள். அவன் முன்னிலையிலேயே தமக்குள் கார்சிக மொழியில் பேசிக்கொள்கிறார்கள். அரபுப் பையனுக்கு என்ன விளங்கிவிடப் போகிறது என்ற அலட்சியம். அவனோ காதைத் தீட்டிக்கொண்டு அம்மொழியைக் கற்றுவிடுகிறான். பின்னாளில் அவன் கட்டியெழுப்பும் ஹஷீஷ் கடத்தல் தொழிலுக்கு மூலதனம் பணமன்று, இந்த மொழியறிவே. கார்சிகர்களுக்கு அவன் அரபு. அரபுக் கைதிகளுக்கோ கார்சிகர்களின் ஆள். இரு தரப்பாராலும் சந்தேகிக்கப்படுபவனே இரு தரப்புக்கும் இடையே போய்வரக் கூடியவனும் ஆகிறான்.

பிரான்சின் மொழிக்கொள்கையை அறிந்தவர்களுக்கு இதிலுள்ள முரண் எளிதில் புலப்படும். குடியரசின் மொழி பிரெஞ்சு என்னும் வாசகம் 1992-இல் அந்நாட்டு அரசமைப்பில் சேர்க்கப்பட்டது. வட்டார, சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தில் 1999-இல் கையொப்பமிட்ட பிரான்ஸ், இன்றளவும் அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை. கார்சிக மொழியோ அழியும் நிலையிலுள்ள மொழிகளின் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வெளியே பிள்ளைகளின் நாவிலிருந்து நழுவிக்கொண்டிருக்கும் ஒரு மொழி, சிறைச்சுவருக்குள் ஆட்சிமொழியாகிவிடுகிறது!

என் மனக்குறை இங்கிருந்துதான் தொடங்குகிறது. இத்தகைய மொழிகள் பெருந்திரைக்கு வருவதற்குக் குற்றப்படமே அகலமான வாசலாக இருக்கிறது. மத்தேயோ கர்ரோனேயின் ‘கொமோர்ரா’ (2008) நேப்பிள்ஸ் வட்டார மொழியில் அமைந்தமையால் இத்தாலியிலேயே இத்தாலியத் துணைத்தலைப்புகளுடன் திரையிடப்பட்டது. அங்கும் களம் போதைப்பொருளும் துப்பாக்கியுமே. குற்றவாளி தரமொழி பேசினால் நம்பகத்தன்மை கெடும் என்கிறார்கள், ஏற்கிறேன். ஆனால் கார்சிக மொழியில் நோயாளியிடம் பேசும் மருத்துவரைக் காட்டும் நம்பகத்தன்மையை ஏன் எவரும் கோருவதில்லை? மொழி திரையில் ஒலிப்பதற்கு அதன் பேச்சாளர் கையில் கத்தி இருந்தாக வேண்டும் என்றால், அதைப் பிரதிநிதித்துவம் என்று அழைக்க எனக்குத் தயக்கம் உண்டு.

ஓதியாரின் படத்தை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. மாலிக்கை அவர் எந்தச் சமூகத்துக்கும் சின்னமாக நிறுத்தவில்லை. பெண்கள் ஏறத்தாழ இல்லை என்னும் குற்றச்சாட்டு சரியானதே. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

ஆனால் இப்படத்தை நாம் பார்க்கும் முறையிலும் கோளாறு இருக்கிறது. பிரெஞ்சு, அரபு, கார்சிகம் மூன்றும் ஆங்கிலத் துணைத்தலைப்பில் ஒரே வெள்ளை எழுத்தாகிவிடுகின்றன. மாலிக் முதன்முறையாகச் சேசாரிடம் கார்சிக மொழியில் வாய் திறக்கும் கணத்தின் அதிர்ச்சி, அம்மொழிகளை அறியாத நமக்குப் பாதியே வந்து சேர்கிறது.

இதே ஓதியாரின் ‘தீபன்’ (2015) நம்மை மறுபக்கம் உட்காரவைத்தது. போதைப்பொருள் கும்பலின் பிடியிலுள்ள பாரிஸ் புறநகர்க் குடியிருப்பில் ஈழ அகதிக் குடும்பமொன்று. உரையாடலில் பெரும்பகுதி தமிழ். ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தியும் சென்னை நாடகக் கலைஞர் காளீஸ்வரி சீனிவாசனும் கணவன் மனைவியாக நடித்தார்கள். இருவரின் தமிழுக்கும் இடையிலுள்ள தொலைவு நம் காதுக்குக் கேட்கும். துணைத்தலைப்பை வாசிக்கும் பிரெஞ்சுப் பார்வையாளருக்கு அது வெறும் தமிழ்.

மொழி மாறும் இடங்களை வெவ்வேறு நிறத்தில் காட்டும் துணைத்தலைப்புக் கோப்பொன்றை ‘அன் புரோஃபெத்’துக்கு உருவாக்கி வகுப்பில் திரையிட எண்ணியிருக்கிறேன். பிரெஞ்சும் மக்ரெப் அரபியும் அறிந்த நண்பர்கள் எவரேனும் உதவ முன்வந்தால் மகிழ்வேன். கார்சிகம் அறிந்தவர் இங்கே கிடைப்பாரா என்பது ஐயமே.