மண்ணெண்ணெயும் உப்பு நீரும்

வெறுஞ் சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் வாங்கி அடுப்படியில் வைப்பது பாண்டிருப்புப் பக்கத்தில் பழைய வழக்கம். தாகங்கொண்ட குழந்தை அதனைத் தண்ணீரென எண்ணி ஒரு மிடறு விழுங்கிவிடுகிறது. உடனே அயலார் கூடி, உப்புக் கரைத்த நீரைப் புகட்டி வாந்தியெடுக்கச் செய்ய முனைவர். அன்பினாற் செய்யும் இக்காரியமே ஆபத்தாய் முடியும். மண்ணெண்ணெய் வயிற்றிற் கிடக்கும்போது விளையும் தீங்கு பெரிதன்று. வாந்தியோடு மேலெழுந்து நுரையீரலிற் புகுந்தாலோ, அங்கே அழற்சியை உண்டாக்கி மூச்சை முட்டச் செய்யும். உப்பும் அளவு மிஞ்சினாற் குழந்தைக்கு நஞ்சே. புளிக்கரைசல் ஆகாதோ என மாணவர் ஒருவர் வினவினார். அதுவும் வேண்டாம்.

வயலுக்குத் தெளிக்கும் மருந்துகளுள் பரகுவாட் முதலிய மூன்று 2008க்கும் 2011க்கும் இடையே இலங்கையில் படிப்படியாக விலக்கப்பட்டன. எஞ்சியவை தீங்கற்றவை என்று எவரும் கருதற்க. உடலிற் பட்டால் உடையைக் களைந்து, சவர்க்காரமிட்டு நன்கு கழுவுதல் வேண்டும்.

வேலியோரத்து மஞ்சள் அலரியின் விதையோ வஞ்சகமானது. உண்டவர் சில மணி நேரம் நலமாயிருப்பதுபோலத் தோன்றுவார்; பின்னர் இதயத்துடிப்புத் திடீரெனக் குழம்பும். ஆதலால் "ஒன்றுமில்லை" என்று வீட்டில் வைத்திருத்தல் தகாது.

நினைவு தளர்ந்தவரை இடப்பக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 1990 என்னும் இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கலாம். கல்முனை வைத்தியசாலைகளும் அருகிலேயே உள்ளன. போத்தலை ஒட்டுத்தாளோடு உடன் கொண்டுசெல்லுங்கள், விதையாயின் விதையை. கொழும்புத் தேசிய வைத்தியசாலையின் நஞ்சுத் தகவல் நிலையத்திடம் வைத்தியர் ஆலோசனை கேட்பதற்கும் முதலில் அந்நஞ்சின் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.