கைமேற் காசு

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலைப்பொழுது, நமக்கு நெடுநாள் அறிமுகமான அம்மையார் ஒருவர் துணிப்பை ஒன்றுடன் நம் இல்லம் வந்தார். பையிலே பத்திரங்கள், முகத்திலே கவலை. அன்னாரின் கணவர் உயில் எதுவும் எழுதாமலே நான்கு ஆண்டுகளுக்கு முன் காலமானவர். திருச்சிராப்பள்ளி நகரின் புறத்தே அவர் கட்டி, வாடகைக்கு விட்டிருந்த வீடு ஒன்று உண்டு. இப்போது மூத்த மகனின் மருத்துவச் செலவால் கடன் பெருகிவிட்டது. வீட்டை விற்றே தீரவேண்டிய நிலை.

"தரகர் ஒருவரை அழைத்து வந்திருக்கிறார், ஐயா. 40 இலட்சம் தருகிறாராம். வங்கிக் கடன், அது இது என்று அலைய வேண்டியதில்லை. எட்டே நாளில் கைமேற் காசு என்கிறார். இந்த ஆளை விட்டால் வேறு ஆள் கிடைக்காது என்று தரகர் விரட்டுகிறார்" என்றார்.

நிபந்தனைகள் யாவை என்று கேட்டோம். ஒவ்வொன்றாக வந்தன. பத்திரத்தில் அரசின் வழிகாட்டி மதிப்பான 28 இலட்சம் மட்டும் காட்டப்படும். மீதி 12 இலட்சம் நோட்டுகளாகப் பையில் வரும். குடியிருப்போரை உடனே காலி செய்விக்க வேண்டும். அம்மையாரும் மகன்கள் இருவரும் கையொப்பமிட்டால் போதும். மணமாகிச் சென்ற மகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மனையிலுள்ள அதே அளவு வீடோ 50 இலட்சத்துக்கு விலைபோயிருந்தது.

இத்தகைய நெருக்கடி நம் குடும்பங்களில் எவர்க்கும் நேரக்கூடியது. ஆகையால் அன்று அம்மையாரிடம் கூறியவற்றை இங்கே எழுதுகிறோம்.

விரைந்து விற்பது குற்றமன்று. வங்கிக் கடன் பெற்று வாங்குபவர் வந்தால், வங்கியின் வழக்கறிஞர் பழைய பத்திரங்களைத் துருவிப் பார்ப்பார், மதிப்பீட்டாளர் வருவார், வாரங்கள் கழியும், சில வேளை கடனே மறுக்கப்படும். கையில் பணமுள்ளவர் வாங்க வந்தால் இத்தொல்லைகள் இல்லை. அந்த வசதிக்காக விலையில் சிறிது விட்டுக்கொடுப்பதும் நியாயமே. ஆனால் கைமேற் காசு என்பதில் இருவகை உண்டு. வாங்குபவரின் வங்கிக் கணக்கிலிருந்து நம் கணக்கிற்கு வெளிப்படையாக வரும் பணம் ஒருவகை. பையிலே வரும் பணம் மற்றொரு வகை. முன்னது வசதி, பின்னது வலை.

அந்த 12 இலட்சத்தை மறைப்பதால் யாருக்கு என்ன ஆதாயம் என்று தாளில் கணக்கிட்டுப் பார்த்தோம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. இதைச் செலுத்துபவர் வாங்குபவரே. ஆக, அவருக்கு மிச்சம் 1,08,000 ரூபாய். விற்பவருக்கோ, இரண்டாண்டுகளுக்கு மேல் கைவசமிருந்த வீட்டின் ஆதாயத்துக்கு வரி 12.5 விழுக்காடு. ஆகவே 12 இலட்சத்தை மறைத்தால் மிஞ்சுவது, மேல்வரிகள் நீங்கலாக, 1,50,000 ரூபாய். இந்தச் சிறு மிச்சத்துக்காக ஏற்கும் ஆபத்து எவ்வளவு? வீடு மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறலாகாது என்பது 2015 முதல் சட்டம். மீறினால், பெற்ற தொகை எவ்வளவோ அவ்வளவும் தண்டமாக விதிக்க இடமுண்டு. அதாவது 12 இலட்சம் வாங்கினால் 12 இலட்சம் தண்டம்! அன்றியும், கணக்கில் வராத அப்பணத்தை வங்கியில் இடுவதற்கும் அஞ்ச வேண்டும். மருத்துவமனையில் கட்டுவதற்கும் அஞ்ச வேண்டும்.

நேர்வழியிலேயே சலுகைகள் இருப்பதைப் பலர் அறியார். 2024 சூலை 23-ஆம் நாளுக்கு முன் வாங்கிய வீடாயின், உள்நாட்டில் வாழ்வோர் இருவகையில் வரியைக் கணக்கிடலாம். ஆதாயத்தை அப்படியே கொண்டு 12.5 விழுக்காடு, அல்லது விலைவாசி உயர்வுக்கேற்ப அடக்கவிலையை உயர்த்திக்கொண்டு 20 விழுக்காடு. இரண்டில் குறைந்ததைக் கட்டினால் போதும். ஆதாயத்தைக் கொண்டு இரண்டாண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலும், மூன்றாண்டுக்குள் கட்டினாலும் அந்த அளவுக்கு வரிவிலக்கு உண்டு. ஆறு மாதத்துக்குள் அரசு குறித்துள்ள கடன் பத்திரங்களில் ஐந்தாண்டுக்கு இட்டு வைப்பதும் ஒரு வழி. பழைய வீடுகளுக்கு, பயந்த அளவு வரி பெரும்பாலும் வருவதில்லை.

இரண்டாவது, மகளின் கையொப்பம். "நகை போட்டு, சீர் செய்து அனுப்பிவிட்டோமே, இனி அவளுக்கு என்ன பாத்தியதை?" என்றார் அம்மையார். இவ்வெண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. ஆனால் சட்டம் அவ்வாறு கூறவில்லை. கிறிஸ்தவர் ஒருவர் உயிலின்றி இறந்தால், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரு பங்கு மக்களுக்குச் சமமாக. ஆணென்றும் பெண்ணென்றும் அதில் வேற்றுமை இல்லை. பழைய திருவிதாங்கூர்ச் சட்டம் பெண்மக்களின் பங்கைக் குறுக்கியிருந்தது. 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அங்கும் இப்பொதுச் சட்டமே செல்லும் என்று நிலைநாட்டிற்று. ஆக, இந்த வீட்டில் ஒன்பதில் மூன்று பங்கு அம்மையாருக்கு. மக்கள் மூவருக்கும் தலைக்கு இரண்டு. மகளை விலக்கி எழுதிய பத்திரம் அவள் பங்கை ஒருபோதும் விற்காது, வழக்கைத்தான் வாங்கும். அவள் மனமுவந்து விட்டுக்கொடுப்பதாயின், பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும்.

மூன்றாவது, குடியிருப்போர். ஒன்பது ஆண்டுகளாக மாதந்தவறாமல் வாடகை தந்த குடும்பம். பிள்ளைகள் இருவரும் அருகிலேயே பள்ளியில் படிக்கின்றனர். வீட்டை விற்பதற்கு அவர்களை வெளியேற்றியாக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. உரிமையாளர் மாறினால், வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்தில் வந்து நிற்கிறார். வாடகை அவருக்குச் சேரும், அவ்வளவே. எட்டு நாளில் துரத்துவதற்காக மின்சாரத்தையோ குடிநீரையோ நிறுத்துவதை, 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் தடுக்கிறது. குடியிருப்போர் தந்த முன்பணமும் அவர்களுடையதே. அதைத் திருப்பித் தர வேண்டும். அல்லது அவர்கள் அறிய, எழுத்து மூலம் வாங்குபவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்ட அம்மையார் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்னர், "அப்படியானால் விற்கவே முடியாதா?" என்றார். "விற்கலாம், விரைவாகவும் விற்கலாம். முதலில் தாள்களைச் சீர் செய்யுங்கள்" என்றோம். விற்பனையைத் தாமதப்படுத்துவது பெரும்பாலும் வாங்குபவர் இல்லாமை அன்று, தாள்கள் ஒழுங்காயில்லாமையே. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ், வாரிசுகளின் பெயருக்குப் பட்டா மாற்றம், வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், வரைபட அனுமதி, நாளது வரையிலான சொத்துவரி இரசீது ஆகிய யாவும் ஒரே உறையில் இருந்தால், கடனின்றி வாங்குபவர் சில நாளிலேயே பத்திரத்தை முடிக்கலாம்.

மகளுக்கு அன்றிரவே சொல்லியனுப்பப்பட்டது. அண்ணன் நோயுற்றிருப்பதை அறிந்தும் கடனைப் பற்றி ஒருவரும் தன்னிடம் கூறவில்லையே என்று வருந்தினாராம். குடியிருப்போரிடமும் முதலிலேயே செய்தி கூறப்பட்டது. அவர்களால் வாங்க இயலவில்லை. ஆனால் அவர்களே, பொன்மலை இரயில்வே பணிமனையில் வேலைபார்த்து ஓய்வு பெற்ற உறவினர் ஒருவரை அழைத்து வந்தனர். ஓய்வுத் தொகை அவருடைய வங்கிக் கணக்கில் இருந்தது. மாதந்தோறும் வாடகை வரும் வீட்டையே அவர் தேடிக்கொண்டிருந்தார். குடியிருப்போர் தொடர்ந்து இருக்க, விலை 47 இலட்சம் என முடிவாயிற்று. பதிவு செய்த ஒப்பந்தத்தின்மேல் 5 இலட்சம் முன்பணமாக வங்கி வழியே வந்தது. மருத்துவமனையின் அவசரக் கடன் அதில் தீர்ந்தது. ஐந்து வாரத்தில் நால்வரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையொப்பமிட்டனர்.

மகள் தம் பங்கைத் தம் கணக்கில் பெற்றுக்கொண்டு, அதில் ஒரு பகுதியைத் தாமே அண்ணன் மருத்துவத்துக்கு அளித்தார். அந்த எட்டு நாள் விற்பனை நடந்திருந்தாலும் அப்பணம் அண்ணனுக்குத்தான் போயிருக்கும். எனினும், ஒருவர் தருவதற்கும் அவரறியாமல் எடுப்பதற்கும் எத்துணை வேற்றுமை!

அவசரம் நம்முடையதாயிருக்கலாம். அந்த அவசரத்தின் விலையை, பேச்சு நடக்கும் இடத்தில் இல்லாதவர் தலையில் ஏற்றலாகாது. விலைபேச எவரேனும் வந்து உங்களை விரட்டினால், "இதைப் பற்றி இன்னும் யாரிடம் கேட்கவில்லை?" என்று உங்களை நீங்களே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டியது ஓர் இரவுதான்.