ஸ்டோனி கட் ஜெபாலயத்தை ஏன் எரித்தார்கள்?

ஜமைக்காத் தீவின் கிழக்குக் கோடியில் மொராண்ட் பே என்று ஒரு கடற்கரைப் பட்டணம் இருக்கிறது. அதிலிருந்து சில மைல் உள்ளே, மலைச் சரிவிலே உள்ள சிற்றூர்தான் ஸ்டோனி கட். 1865-ம் ஆண்டு அக்டோபர் மாதம் பிரிட்டிஷ் துருப்புகள் அந்த ஊருக்குள் புகுந்து வீடுகளைக் கொளுத்தின. அங்கிருந்த சிறிய பாப்டிஸ்ட் ஜெபாலயத்தையும் விட்டு வைக்கவில்லை. வேதப் புத்தகத்தைக் கையில் ஏந்தி நாடுகளைப் பிடித்த துரைத்தனம், அதே வேதத்தை வாசிக்கும் ஏழைகளின் கூடத்துக்கு ஏன் தீ வைத்தது? தோட்டத்துப் பாட்டாளி வர்க்கத்தில் பிறந்த ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இது. நம்மில் கிறிஸ்தவர்கள் சிலரே. அதனால் என்ன? இது மத விவகாரமல்ல, கூலி விவகாரம், நில விவகாரம்.

அந்தச் சபையின் வேரைத் தேடிப் போனால் ஓர் அடிமையிடம் போய் நிற்போம். ஜார்ஜ் லைல் என்பவர் அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்தவர். ஜார்ஜியாவில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிரசங்கம் செய்தவர். எஜமானால் விடுதலை பெற்ற அவர், அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரிட்டிஷார் தோற்று வெளியேறிய சமயத்தில், பட்ட கடனை உழைத்துக் கழிப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டு 1783 வாக்கில் ஜமைக்கா வந்து சேர்ந்தார். சபையை நட்டவரே ஒருவகையில் சஞ்சிக்கூலியாக வந்தவர்தான்! இங்கிலாந்தின் பாப்டிஸ்ட் மிஷன் தன் முதல் மிஷனரியை அங்கே அனுப்பியது 1814-ல்தான். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கறுப்பு மக்கள் தாங்களே சபை கூட்டி, தாங்களே ஜெபம் நடத்தி வந்தார்கள். ஆனால் எஜமானின் சம்மதம் இல்லாமல் எந்த அடிமையையும் சேர்ப்பதில்லை என்று சபை விதியிலேயே எழுதி வைக்க வேண்டிய நிலைமை. சாமி கும்பிடவும் துரையின் உத்தரவு வேண்டும்!

இந்தச் சபைகளில் ஒரு பழக்கம் இருந்தது. அதைச் சங்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு அங்கத்தினருக்கும் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். அங்கத்தினர்களைச் சிறு சிறு வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அவர்களுக்குள்ளேயே ஒருவரைத் தலைவராக வைத்தார்கள். அந்தத் தலைவர் வீடு வீடாகப் போவார், நோயாளியைப் பார்ப்பார், சண்டையைத் தீர்ப்பார், காசு வசூலிப்பார். சீட்டை விலைக்கு விற்கிறார்கள் என்று பிற சபையார் பழித்ததும் உண்டு. பழிக்கட்டும். சந்தாப் புத்தகமும் கிளைத் தலைவரும் என்னவென்று அறிந்த நமக்கு இதன் பொருள் உடனே விளங்கும். தொழிற்சங்கம் என்ற சொல்லே எட்டாத காலத்தில், கரும்புத் தோட்டத்து அடிமைகள் கட்டிய முதல் அமைப்பு அது.

அந்த அமைப்பு என்ன செய்ய வல்லது என்பது 1831-ல் தெரிந்தது. மொண்டேகோ பேயில் பாப்டிஸ்ட் சபையின் டீக்கனாக இருந்த சாமுவேல் ஷார்ப், தானும் ஓர் அடிமை, ஜெபக் கூட்டங்கள் வழியாக ஒரு திட்டத்தைத் தோட்டம் தோட்டமாகப் பரப்பினார். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் கூலி கொடுத்தாலொழிய வேலைக்குத் திரும்புவதில்லை என்பதே திட்டம். நேரான வேலை நிறுத்தம்! டிசம்பர் 27-ம் தேதி இரவு கென்சிங்டன் தோட்டம் தீப்பற்றியது, நிறுத்தம் கலகமாயிற்று. முந்நூறுக்கும் அதிகமானோர் தூக்கிலிடப்பட்டனர். ஷார்ப் 1832 மே 23-ல் தூக்கு மேடை ஏறினார். வெள்ளைத் தோட்ட முதலாளிகள் கும்பல் சேர்ந்து பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் ஆலயங்களை இடித்தும் எரித்தும் தள்ளினர். ஆனால் மறு ஆண்டே லண்டன் பார்லிமெண்டு அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. எஜமானர்களுக்கு நஷ்ட ஈடு 20 மில்லியன் பவுன். அடிமைகளுக்கு ஒரு பென்னிகூட இல்லை.

1838 ஆகஸ்ட் 1-ல் முழு விடுதலை வந்தது. வந்த மறுநாளே முதலாளிகள் புதுச் சாட்டை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் வாடகை. பரம்பரையாகக் குடியிருந்த குடிசைக்கும், கிழங்கு நட்டுப் பிழைத்த துண்டு நிலத்துக்கும் வாடகை கேட்டார்கள். சில தோட்டங்களில் வீட்டிலுள்ள தலைக்கு இவ்வளவு என்று கேட்டார்கள். கொடுத்த கூலி வாடகையாகத் திரும்பிப் போயிற்று. கூலி போதாது என்று வாய் திறந்தவனுக்குக் குடிசையைக் காலி செய்ய உத்தரவு. லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை போனால் கூரையும் போகும் என்ற பயம் எவ்வளவு பெரிய கங்காணி என்பது நமக்குத் தெரியும்.

இந்தப் பயத்தை உடைத்ததுதான் பாப்டிஸ்ட் சபைகள் செய்த மிகப் பெரிய காரியம் என்பது என் கருத்து. பிரசங்கம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். கறுப்பனுக்கு நிலம் விற்க முதலாளிகள் மனம் வைக்காத இடங்களில், மிஷனரிகள் தங்கள் பெயரில் வாங்கிப் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். ஸ்பானிஷ் டவுனுக்கு மேலே உள்ள மலையில் ஜேம்ஸ் பிலிப்போ 1835-ல் வாங்கிய 25 ஏக்கர் நிலம் ஸ்லைகோவில் என்ற ஊராயிற்று. இவற்றுக்குச் சுதந்திரக் கிராமங்கள் என்று பெயர். நடுவிலே ஜெபாலயம், பக்கத்தில் பள்ளிக்கூடம், சுற்றிலும் சொந்தக் கொல்லை. அங்கே குடியிருந்தவனும் தோட்ட வேலைக்குப் போனான்; ஆனால் கூலியைப் பேசி முடித்துக்கொண்டு போனான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீடு திரும்ப அவனுக்கு ஒரு வீடு இருந்தது.

முதலாளிகள் சும்மா இருப்பார்களா? பேரம் பேசும் கூலிக்குப் பதிலாகப் பேரம் பேச முடியாத கூலியைத் தேடினார்கள். 1845 மே மாதம் கல்கத்தாவிலிருந்து பிளண்டெல் என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளோடு ஜமைக்காவில் நங்கூரம் போட்டது. அடுத்து வந்த கப்பல்களில் சென்னைக் கரையிலிருந்து ஏற்றப்பட்டவர்களும் உண்டு. 1917 வரை சுமார் 36,000 பேர் போனார்கள். அவர்களை ஏற்றிவரும் செலவில் ஒரு பங்கு, அந்தக் கறுப்புக் குடியானவர்கள் கட்டிய வரிப் பணத்திலிருந்தே போயிற்று. அவன் கூலியைக் குறைக்க அவன் காசிலேயே ஆள் பிடித்தார்கள்! ஒரு பாட்டாளியை வைத்து இன்னொரு பாட்டாளியை அடிக்கும் இந்த வித்தையைக் கரும்புத் தோட்ட முதலாளிகளிடமிருந்துதான் பால்மரத் தோட்ட முதலாளிகள் கற்றார்களோ என்னவோ.

இனி ஸ்டோனி கட்டுக்கு வருவோம். அங்கே பால் போகிள் என்ற குடியானவர் சபையை நடத்தி வந்தார். இது மிஷனரிகளின் ஆதிக்கத்துக்கு உட்படாத சபை. சுதேசி பாப்டிஸ்டுகள் என்று சொல்வார்கள். சொந்த நிலம் வைத்திருந்த போகிள், அந்த வட்டாரத்தில் ஓட்டுரிமை பெற்ற மிகச் சிலரில் ஒருவர். நான்கு லட்சத்துக்கும் அதிகமான ஜனங்கள் உள்ள தீவிலே வாக்காளர்கள் சுமார் 2,000 பேர்தான் என்றால் அந்த ஆட்சியின் லட்சணத்தை என்ன சொல்ல! அவருடைய நண்பர் ஜார்ஜ் வில்லியம் கார்டன், வெள்ளைத் தோட்ட முதலாளிக்கும் அடிமைத் தாய்க்கும் பிறந்தவர், பாப்டிஸ்டாக மாறியவர், சட்டசபையில் ஏழைகளுக்காகப் பேசியவர். போகிளை டீக்கனாக நியமித்தவரும் அவரே.

அந்த ஆண்டுகள் கொடுமையானவை. மழை பொய்த்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் துணி விலை ஏறியது. நாட்கூலியோ ஒரு ஷில்லிங். பல இடங்களில் அதுவும் இல்லை. செயின்ட் ஆன் வட்டாரத்து ஏழைகள் விக்டோரியா ராணிக்கு மனுப் போட்டார்கள். தரிசாய்க் கிடக்கும் அரசாங்க நிலத்தைக் கொடுத்தால் பயிரிட்டுப் பிழைப்போம் என்றார்கள். தோட்டங்களில் இடைவிடாமல் ஒழுங்காக வேலை செய்யுங்கள், அதுவே உங்கள் நன்மைக்கு வழி என்ற பொருளில் பதில் வந்தது. அந்த உபதேசத்தை கவர்னர் அயர் ஆயிரக்கணக்கில் அச்சிட்டுத் தீவு முழுவதும் ஒட்டச் செய்தார். ஆகஸ்டில் போகிளும் தோழர்களும் ஏறக்குறைய 45 மைல் நடந்து ஸ்பானிஷ் டவுனுக்குப் போய்க் கவர்னரைப் பார்க்கக் கேட்டார்கள். கவர்னர் பார்க்க மறுத்துவிட்டார். நடந்தவர்கள் அதே 45 மைலும் திரும்பி நடந்தார்கள்.

நீதிமன்றமும் முதலாளிகளின் கையிலேயே இருந்தது. வழக்குத் தொடுத்தவரும் தோட்டக்காரர், தீர்ப்புச் சொன்னவரும் தோட்டக்காரர். அக்டோபர் 7-ந் தேதி மொராண்ட் பே கோர்ட்டில் ஒரு பையனுக்கு 4 ஷில்லிங் அபராதம் விதித்தார்கள். கோர்ட்டுச் செலவு என்று மேலும் 12 ஷில்லிங் 6 பென்ஸ்! அபராதத்தைக் கட்டு, செலவைக் கட்டாதே என்று கூட்டத்தில் ஒருவர் சத்தம் போட்டார். அவரைப் பிடிக்கப் போன போலீசை ஜனங்கள் தடுத்தார்கள். மூன்று நாள் கழித்துப் போகிளைப் பிடிக்கப் போலீஸ் ஸ்டோனி கட்டுக்கு வந்தது. ஊர் திரண்டு போலீசாரையே பிடித்து வைத்து, சத்தியம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டது. அப்போதும் போகிளின் ஆட்கள் கவர்னருக்கு ஒரு மனு எழுதினார்கள்.

அக்டோபர் 11-ல் அவர்கள் மொராண்ட் பேக்கு அணிவகுத்துச் சென்றார்கள். கோர்ட்டு வாசலில் தொண்டர் படை சுட்டது. ஜனங்களில் ஏழு பேர் செத்து விழுந்தனர். அதன் பின் கூட்டம் கட்டடத்துக்குத் தீ வைத்தது. உள்ளே இருந்து வெளியேறிய அதிகாரிகளையும் தொண்டர் படையினரையும் வெட்டியும் அடித்தும் கொன்றது. அந்தத் தரப்பில் 18 பேர் மாண்டனர். இதை மறைத்து எழுதுவது நமக்கு அழகல்ல. கொலை கொலைதான். ஆனால் இந்த 18-ஐ மட்டும் எழுதிவிட்டு, கறுப்பர்களின் வெறி என்று முத்திரை குத்திய ஏடுகளுக்கு நான் ஒன்று சொல்வேன்: நாற்பத்தைந்து மைல் நடந்து வந்தவனுக்குக் கதவைத் திறந்திருந்தால் அந்தக் கட்டடம் எரிந்திருக்காது.

பிறகு நடந்ததற்குக் கலக அடக்குமுறை என்று பெயர் வைப்பதே தவறு. எதிர்த்து நின்று சண்டை போட யாரும் இல்லை. ராணுவச் சட்டத்தின் பேரால் ஒரு மாதம் வேட்டை நடந்தது. 1866-ல் அமர்ந்த ராயல் கமிஷன் கொடுத்த கணக்கு இது: 439 பேர் கொல்லப்பட்டனர், 600 பேருக்குக் கசையடி, அவர்களில் பெண்களும் உண்டு, கொளுத்தப்பட்ட வீடுகள் 1,000. சில சாட்டைகளில் கம்பி முறுக்கியிருந்தார்கள். கார்டன் கலவரத்தின்போது அங்கே இருக்கவே இல்லை. ராணுவச் சட்டம் இல்லாத கிங்ஸ்டனில் அவரைக் கைது செய்து, கப்பலேற்றி மொராண்ட் பேக்குக் கொண்டுவந்து அக்டோபர் 23-ல் தூக்கிலிட்டார்கள். மறுநாள் போகிளை எரிந்துபோன அதே கோர்ட்டுக் கட்டடத்தில் தொங்கவிட்டார்கள்.

ஆயிரம் வீடுகள் எதற்கு? இருபது கொலைகாரர்களைப் பிடிக்க ஆயிரம் கூரை எரிய வேண்டியதில்லை. தோட்டத்துக்கு வெளியே தொழிலாளிக்கு இருந்த கூரைதான் உண்மையில் குறியாக இருந்தது. ஸ்டோனி கட் ஜெபாலயத்தின் குற்றமும் அதுவே. தோட்டத்து நிலத்தில், துரை போட்டுக் கொடுத்த கூடத்தில், துரைக்காக ஜெபம் செய்கிற சபை எதையும் யாரும் எரித்ததில்லை. இங்கே நிலமும் ஊராருடையது, சாவியும் ஊராருடையது, அங்கத்தினர் பட்டியலும் ஊராருடையது. மதம் ஏழையைத் தூங்க வைக்கும் அபின் என்று பேசும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. பல இடங்களில் அது மெய்தான். ஆனால் கூடத்தின் சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசட்டும். நம் தோட்டங்களில் வேர்வை சிந்திக் கட்டிய மாரியம்மன் கோயில்கள், நிலம் கைமாறியபோது என்ன பாடு பட்டன என்பதையும் ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும்.

மிஷனரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. போகிளின் கூட்டம் எங்கள் சங்கத்தைச் சேர்ந்ததல்ல என்று சொல்லித் தப்பிக்கவே தீவிலிருந்த பலர் முந்திக்கொண்டார்கள். இங்கிலாந்தில் மிஷனின் செயலாளர் எட்வர்டு அண்டர்ஹில் அப்படி ஒதுங்கவில்லை. ஜமைக்கா ஏழைகளின் பசியை 1865 ஜனவரியிலேயே குடியேற்ற மந்திரிக்கு எழுதி எச்சரித்தவர் அவர். அந்தக் கடிதம்தான் கலகத்துக்குக் காரணம் என்று அயர் பழி போட்டார். பசியைச் சொன்னவன்தான் பசியை உண்டாக்கினானாம்! அயர்மீது கொலை வழக்குப் போட வேண்டும் என்று ஜான் ஸ்டூவர்ட் மில், டார்வின், ஹக்ஸ்லி முதலியோர் கமிட்டி கூடினர். அயரைத் தாங்கிப் பிடித்தவர்களில் கார்லைலும் ரஸ்கினும் இருந்தது ஆச்சரியமில்லை. டிக்கன்ஸ் இருந்ததுதான் நெஞ்சை உறுத்துகிறது. லண்டன் தொழிலாளர்கள் 1866-ல் கிளார்க்கன்வெல் திடலில் கூடி அயரின் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். ஆனால் எந்தக் கோர்ட்டும் அவரைத் தண்டிக்கவில்லை. பதவி போயிற்று, பிற்பாடு பென்ஷன் வந்தது.

ஜமைக்கா சட்டசபை தன்னைத் தானே கலைத்துக்கொண்டு ஆட்சியை அரண்மனைக்கு ஒப்படைத்தது. 1938-ல் பிரோம் கரும்புத் தோட்டத்தில் கூலிக்காகப் போராடியவர்கள்மீது மறுபடியும் துப்பாக்கி பேசியது. ஆனால் அந்த ஆண்டு எழுந்த தொழிற்சங்கங்களை எரிக்க யாராலும் முடியவில்லை. 1944-ல் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு கிடைத்தது. 1962-ல் நாடு சுதந்திரம் அடைந்தது. போகிளையும் கார்டனையும் 1969-லும், ஷார்ப்பை 1975-லும் தேசிய வீரர்களாக்கினார்கள். சிலை வைத்தார்கள், பணத்தாளில் படம் போட்டார்கள். சட்டப் புத்தகத்தில் மட்டும் அவர்கள் இன்னும் குற்றவாளிகளாகவே இருந்தார்கள். 2018-ல்தான் ஜமைக்கா பார்லிமெண்டு தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி அவர்களுடைய குற்றப் பழியைத் துடைத்தது. தலைவர்கள் மட்டுமல்ல, அவர்கள் பின்னால் அன்று நடந்து போன பெயர் தெரியாத மற்றப் போராளிகளும் அந்தச் சட்டத்தில் அடக்கம். தூக்குக் கயிற்றுக்கும் அந்தச் சட்டத்துக்கும் இடையே 153 ஆண்டுகள்.